அப்பா மட்டும் சிரித்த இடம்

வெள்ளிக்கிழமை ஓசூரில் வேலை முடிந்து, பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் இறங்கி வேறு பஸ் மாறி, காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வாசலில் கால் வைக்கும்போது இரவு எட்டரை ஆகிவிடும். செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பாவின் கேள்வி வந்துவிடும்: "பாப்பா, இந்த வாரம் என்ன படம் வந்திருக்கிறது?" தியேட்டரில் ஓடி முடித்து, நான்கு வாரமோ எட்டு வாரமோ கழித்து வீட்டு டிவிக்கு வந்து சேரும் புதுப்படங்களைத்தான் கேட்கிறார். அம்மா அன்று மத்தியானமே மொறுமொறுவென்று கொறிக்க நிப்பட்டு வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருப்பார். தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஆறு வயது மகன், அம்மா, நான் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான் சண்டை தொடங்கும்.

எந்தப் படம் என்பதுதான் சண்டை. ரிமோட் தம்பி கையில் இருக்கும். அவன் ஒவ்வொரு போஸ்டராக நகர்த்துவான். அப்பா கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, டிவிக்கு மூன்றடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகங்களைப் பார்ப்பார். "வேண்டாம்." அடுத்தது. "வேண்டாம்." ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "தாடி." என்ன கதை, யார் எடுத்த படம், எத்தனை நாள் ஓடியது, எதையும் கேட்க மாட்டார். கதாநாயகன் தாடி வைத்திருந்தால் அந்தப் படம் வேண்டாம். இன்றைய தேதியில் தாடி இல்லாத கதாநாயகனுக்கு எங்கே போவது? போலீஸ் அதிகாரிக்குத் தாடி, டாக்டருக்குத் தாடி, கல்லூரியில் முதல் வருடம் சேரும் பையனுக்கும் தாடி. முக்கால் மணி நேரம் தேடி மழித்த முகம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அது குழந்தைகள் படமாக இருக்கும். அதை எங்கள் ஆறு வயதுக்காரன் ஏழு முறை பார்த்து முடித்திருப்பான்.

கடைசியில் அப்பாவை மீறித்தான் ஏதாவது ஒன்றைப் போடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டார், முழுதாகப் பார்ப்பார். படம் முடிந்ததும் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பு எப்போதும் வில்லனுக்குச் சாதகமாக இருக்கும். "அந்த மனிதர் என்ன தப்புச் செய்தார்? நிலத்தை விலைக்குத்தானே கேட்டார்? காரணத்தையும் பொறுமையாகச் சொன்னாரே!" இடைவேளைக்குள் மூன்று பேரைக் கொன்ற ஆளைப் பற்றி இப்படிச் சொன்னால் அம்மாவுக்குப் பொறுக்குமா? "கதாநாயகன் அவ்வளவு நேரம் அழுதுகொண்டு பேசினானே, அது உங்கள் காதில் விழவில்லையா?" என்று கேட்பார். அப்பா பதில் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போய்விடுவார். ஒருநாள் சமையலறையில் தம்பி என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அப்பாவுக்குக் கதை பிடிபடவில்லை. வயதாகிறது." அப்பாவுக்கு 67. மறதி நோயின் தொடக்கமோ என்ற பயம் அன்று எனக்குள் விழுந்தது. வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்பதுபோல அந்தப் பயத்தை ஆறேழு மாதம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அப்புவும் அப்பாவும்

போன மாசியில், மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீடு முழுக்க உறவுக்காரர்கள். அன்று இரவு தமிழில் டப்பிங் செய்த தெலுங்குப் படம் ஒன்றைப் போட்டோம். மாமா, அத்தை, சித்தி பிள்ளைகள் என்று பதினாறு பேர் கூடத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். படத்தில் ஒரு கல்யாணக் காட்சி. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மேடையை நோக்கி நடக்கிறான். வழியில் பருத்த உறவினர் ஒருவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, முகம் நிறையச் சிரிப்போடு, "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று விசாரிக்கிறார். மாப்பிள்ளையின் முகம் வெளிறிப் போகிறது. நலம் விசாரித்ததற்கு ஏன் வெளிற வேண்டும் என்று பாயில் இருந்த பதினைந்து பேரும் யோசிக்கவில்லை. அப்பா மட்டும் நாற்காலி கிறீச்சிட, கண்ணில் நீர் வர, விழுந்து விழுந்து சிரித்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி என்னைப் பார்த்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பா யாரையும் கவனிக்காமல் மாமாவின் தோளைத் தட்டி, "தாலி கட்டப் போகிறவனை நிறுத்தி 'அப்பு எப்புடு தீருஸ்தாவு' என்று கேட்கிறான் பாரு!" என்றார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தெலுங்கில் அப்பு என்றால் கடன். கடனை எப்போது தீர்ப்பாய் என்று கல்யாண மேடைக்குப் போகிற வழியில் கேட்கிறார் அந்த மனிதர். தம்பி படத்தை நிறுத்தினான். மொழியைத் தெலுங்குக்கு மாற்றி, அரை நிமிடம் பின்னால் போய் மறுபடியும் ஓடவிட்டான். அப்பா சொன்னது எழுத்துப் பிசகாமல் அப்படியே வந்தது. அப்புறம்தான் கூடமே சிரித்தது. டப்பிங் வசனம் எழுதியவர் வாயசைவுக்குப் பொருந்த வேண்டும் என்று 'அப்பு'வை 'அப்பா' ஆக்கி, 'எப்புடு'வை 'எப்படி' ஆக்கியிருக்கிறார். உதடுகள் ஒட்டுகிற பகரம் இரண்டு மொழியிலும் அதே இடத்தில் விழுகிறது. நல்ல கைவேலைதான், ஆனால் நகைச்சுவை போய்விட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றேன். அப்பா தன் வாயை விரலால் காட்டினார். "அப்பா என்று சொன்னால் வாய் திறக்க வேண்டும் பாப்பா. இவன் உதட்டைக் குவித்தானே." டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு அருகில் போய் உட்கார்ந்தேன். தமிழில் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லையா என்றேன். "சத்தம் கேட்கிறது. பேச்சுத்தான் கேட்பதில்லை." எத்தனை நாளாக? கொஞ்ச நேரம் யோசித்தார். "தம்பி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே." தம்பிக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு வருட வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தாடி ஏன் வேண்டாம் என்று இப்போது புரிந்தது. மீசையும் தாடியும் சேர்ந்து உதட்டை மூடிவிடுகின்றன. வில்லன் ஏன் நல்லவன் என்பதும் புரிந்தது. புதுப்படங்களில் பணக்கார வில்லன் பெரும்பாலும் முகம் மழித்து, கோட்டுப் போட்டு, வெளிச்சமான கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து நிறுத்தி நிதானமாகப் பேசுகிறான். கதாநாயகன் தாடிக்குள்ளே, இருட்டில், மழையில், முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறான். அப்பாவுக்குக் கிடைத்தது வழக்கின் ஒரு பக்கம் மட்டும். கிடைத்த வாதத்தை வைத்து அவர் நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

சத்தமும் பேச்சும்

அப்பா பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் ஆலையில் 26 வருடம் கட்டர் ஓட்டினார். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு வட்டக் கத்தி கல்லை அறுக்கும் சத்தத்தைச் சின்ன வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். பல் கூசும். அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். 85 டெசிபலைத் தாண்டிய ஓசையில் நாள் தவறாமல் எட்டு மணி நேரம் நின்றால் காது கெடும் என்பதை அவருக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பஞ்சு போதாது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

கிருஷ்ணகிரியில் காது பரிசோதனை செய்த பெண் ஒரு தாளைக் காட்டி எனக்குப் பொறுமையாக விளக்கினார். கோடு இடப்பக்கம் மேலேயே ஓடி, வலப்பக்கம் போகப் போக மலைச்சரிவு மாதிரி இறங்குகிறது. இரைச்சலால் கெடும் காதில் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து மெல்லிய, உயர்ந்த ஓசைகள். உயிரெழுத்துகளின் கனமான ஓசை நிற்கிறது. ச, ட, க, த போன்றவற்றின் கூர்மை மறைந்துவிடுகிறது. பாட்டு என்றாலும் பாக்கு என்றாலும் அப்பாவின் காதில் ஏறக்குறைய ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டினால் சத்தம்தான் கூடும், சொல் தெளியாது. நாங்கள் எட்டு வருடமாக அவருக்காக வால்யூமைக் கூட்டிக்கொண்டே இருந்தோம்.

படங்களின் ஒலியும் அவருக்கு எதிராகவே இருக்கிறது. தியேட்டரில் வசனம் திரைக்கு நடுவே பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து தனியாக வருகிறது, இசை சுற்றிலும் இருந்து வருகிறது. வீட்டுக்கு வந்ததும் அத்தனையும் டிவியின் அடியில் இருக்கும் இரண்டு சின்ன ஒலிபெருக்கிகளில் ஒன்றாகக் குழைந்துவிடுகிறது. முணுமுணுக்கும் வசனத்துக்கு அம்மா வால்யூமை 40 வரைக்கும் ஏற்றுவார். அடுத்த நொடி அடியாள் கதவை உதைப்பான், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், அம்மா அலறிக்கொண்டு பதினைந்துக்கு இறக்குவார். நல்ல காதுக்கே இந்தப் பாடு. அப்பாவுக்குக் காதுக் கருவி வாங்கினோம், பேசிக்கொள்ள உதவுகிறது. ஆனால் பதினாறு பேர் நிப்பட்டு கடிக்கிற கூடத்தில் அது வசனத்தை விட்டுவிட்டு நிப்பட்டைத்தான் கேட்கிறது என்கிறார்.

இதே அப்பாதான், வீடியோ கேசட் ஓட்டும் டெக் இருந்த காலத்தில், எங்கள் தெருவின் ராஜா. வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து வந்து, வாசலில் மேசை போட்டு, விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். எதிர்வீட்டில் தெலுங்கு மட்டுமே தெரிந்த ஆயா ஒருவர் இருந்தார். அப்பா அவருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் அங்கேயே தெலுங்கில் சொல்வார். கதாநாயகி அழுதால் அப்பாவும் தழுதழுத்துச் சொல்வார், வில்லன் மிரட்டினால் குரலைத் தடிமனாக்குவார். அப்பா சொல்வதைக் கேட்பதற்காகவே ஆயாவைச் சுற்றி நான்கைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். தெருவில் பழகி வந்த அந்தத் தெலுங்குதான் இத்தனை வருடம் கழித்து அவரைச் சிரிக்க வைத்திருக்கிறது.

எழுத்து

வழி தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். வசனத்தைத் திரையின் கீழே எழுத்தில், அதாவது சப்டைட்டிலாக, போட்டால் அப்பா படித்துக்கொள்வார், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், தினமும் பேப்பர் பார்ப்பவர். அடுத்த வெள்ளிக்கிழமை புதுப்படத்தில் எந்தெந்த மொழியில் எழுத்து இருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். தமிழ்ப் படம், தமிழ் நடிகர்கள், எங்கள் ஊரை ஒத்த ஊரில் நடக்கும் கதை. பட்டியலில் இருந்தது ஆங்கிலம் மட்டும். அடுத்த படம் ஆங்கிலம். அதற்கடுத்ததும் ஆங்கிலம். தமிழ் எழுத்தோடு வருகிற படங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

வேறு வழியில்லாமல் அப்பாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தைப் படித்துத் தமிழில் உரக்கச் சொல்லத் தொடங்கினேன். படத்தில் ஒரு கிழவி வாசலில் நின்று மருமகனைத் திட்டுகிறாள். கையை நீட்டி, முந்தானையைச் செருகி, மூச்சு வாங்க அரை நிமிடம் திட்டுகிறாள். கீழே ஆங்கிலத்தில் இரண்டே சொல். நான், "வெளியே போ என்கிறாள்" என்றேன். அப்பா கிழவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு நேரமாகவா?" ஆறு வயதுக்காரனுக்குத் தாத்தா மேல் பாசம் அதிகம். அவன் காதால் கேட்டதை ஒரு சொல் விடாமல் அப்படியே சொல்லத் தொடங்கினான். மூன்றாவது சொல்லில் அம்மா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். அப்பாவுக்கு அந்த மூன்று சொல்லே போதுமாக இருந்தது. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் உரக்கப் படிப்பதில் தன் காதில் படமே விழவில்லை என்று அம்மா எழுந்து போய் மாவு ஆட்ட ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா திடீரென்று திரையைக் காட்டி, "இதோ தமிழில் வருகிறதே!" என்றார். கதாநாயகன் பீடி பற்ற வைக்கிறான். கீழே புகையிலை எச்சரிக்கை, வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்தில், தெளிவாக, தமிழில். அப்பா அதை வாய்விட்டு முழுதாகப் படித்தார். அந்த இரண்டேகால் மணி நேரப் படத்தில் அவர் படிக்க முடிந்தது அது ஒன்றைத்தான். வீட்டுக்கு வரும் படங்களிலும் இந்த எச்சரிக்கை வேண்டும் என்ற விதி 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. படம் எந்த மொழியோ அந்த மொழியிலேயே எச்சரிக்கை இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. பீடியைப் பற்றிய எச்சரிக்கை பார்ப்பவருக்கு அவர் மொழியில் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்த நாட்டில், பீடி பிடித்துக்கொண்டே கதாநாயகன் சொல்லும் வசனமும் அவர் மொழியில் போய்ச் சேர வேண்டாமா? எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, இன்னும் ஆறவில்லை.

அந்தக் கோபத்தில்தான் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் தேடிப் படித்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 42, மின்னணு ஊடகத்தில் வருவது அவர்களுக்கும் கிடைக்க எழுத்து வடிவமும், சைகை மொழியும், காட்சி விளக்க ஒலியும் வேண்டும் என்று சொல்கிறது. 2023 ஜனவரியில் பெரிய இந்திப் படம் ஒன்று வீட்டுத் திரைக்கு வரும் முன்பு அதற்கு இந்தி எழுத்தும் விளக்க ஒலியும் சேர்க்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தியேட்டர்களுக்கு இதற்கென்று தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இதெல்லாம் நடப்பதற்கு வெகு முன்பே, 1996இல், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பேசும் மொழியிலேயே திரையில் எழுத்துப் போடும் ஆய்வு தொடங்கி, 1999இல் தூர்தர்ஷனில் குஜராத்தித் திரைப்பாடல்களோடு குஜராத்தி எழுத்தும் ஓடியிருக்கிறது. பாட்டைப் பார்த்துக்கொண்டே மக்கள் படிக்கப் பழகட்டும் என்பது நோக்கம். 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே திரண்ட அந்த நாட்களில் தமிழிலும் இப்படி எழுத்து ஓடியிருந்தால், இன்று அப்பா இன்னும் வேகமாகப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு படம் கிடைத்தது. புதுப்படம், எழுத்துப் பட்டியலில் தமிழ். கதாநாயகனுக்கு மார்பு வரை தாடி. அப்பா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர் கீழே எழுத்து ஓடியதும் நாற்காலியை இன்னும் ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எழுத்துக்கூட்டி உதடு அசையப் படித்தார். நீளமான வசனம் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அப்போது கையை உயர்த்துவார், தம்பி நிறுத்துவான். படித்து முடித்துத் தலையாட்டினால் மறுபடியும் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் நான்கு மணி நேரம் ஓடியது. எழுத்துப் பட்டை புடவைக் கரையையெல்லாம் மறைக்கிறது என்று அம்மாவுக்குக் குறை. ஆறு வயதுக்காரன் தாத்தாவோடு சேர்ந்து படித்து, 'ற'கரத்தில் தாத்தாவை இரண்டு முறை திருத்தினான். இடைவேளைக்கு முன்பு கதாநாயகன் ஊர்ப் பஞ்சாயத்தில் நின்று நீளமாகப் பேசினான். அப்பா முழுதும் படித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "இவனும் நன்றாகத்தான் பேசுகிறான்" என்றார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு இரவுக் காட்சி. யாரும் பேசவில்லை. கதாநாயகி கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கீழே மூன்று சொல் வந்தது: சில்வண்டுகளின் தொடர் ஓசை. அப்பா கையை உயர்த்தினார். தம்பி நிறுத்தினான். படிக்க இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று காத்திருந்தோம். அப்பா திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "நம் தோட்டத்தில் இன்னும் கத்துகிறதா?"

அம்மா எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தார். மாமரத்துப் பக்கமிருந்து அது நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கத்துகிறது" என்றார் அம்மா, அப்பா தன் வாயைப் பார்க்கும்படி திரும்பி நின்று.

"சரி, படத்தைப் போடு" என்றார் அப்பா.